கடல் கடந்து ஒரு பருவம்: பொறியியல் மாணவர்களும் பெற்றோரும் திட்டமிட வேண்டியவை

(கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘வெளிநாட்டுக் கல்வி’. அது கடல் போன்றது. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பொறியியலாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே எனக்குத் தெரிந்த கரையில் நின்று மட்டும் பேசுகிறேன். இங்கே உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளை, அந்தப் படிப்பை விட்டுவிடாமல், ஒரு பருவம், அதாவது ஒரு செமஸ்டர், வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்புவது எப்படி? அதற்கு எப்போது திட்டமிடத் தொடங்க வேண்டும்? பணம் எந்த இடத்தில் தடுக்கிறது? இந்த மூன்று கேள்விகளுக்கு விடை சொல்வதே என் நோக்கம்.

‘ஒரே ஒரு பருவத்துக்காக ஏன் இவ்வளவு பாடு?’ என்று சிலர் கேட்கலாம். 1969-இல் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தோன்றியது. 1970-களின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸில் அமெரிக்காவின் இன்டெல், ஜெர்மனியின் பாஷ், ஜப்பானின் ஹிட்டாச்சி போன்ற நிறுவனங்கள் வந்தன. அன்று முதல் இந்தத் தீவின் பொறியியல் வேலை வெளிநாட்டோடு பின்னிப் பிணைந்தது. கணக்கிலும் கைவேலையிலும் நம் பிள்ளைகள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஆனால், தலைமையகத்திலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ‘இந்த வரைபடம் சரியில்லை’ என்று எழுந்து சொல்லத் தயங்குவார்கள். மாணவப் பருவத்தில் சில மாதங்களாவது பிற நாட்டாரோடு ஒரே பரிசோதனைக் கூடத்தில் நின்று வேலை செய்தவர்களிடம் அந்தத் தயக்கம் குறைவாக இருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பதவி உயர்வு பல நேரங்களில் அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகிறது.

திருவள்ளுவர் பொருட்பாலில் நான்கு அதிகாரங்களை வரிசையாக வைத்திருக்கிறார். 47-ஆவது தெரிந்துசெயல்வகை, 48-ஆவது வலியறிதல், 49-ஆவது காலமறிதல், 50-ஆவது இடனறிதல். அரசனுக்குச் சொன்ன அந்த வரிசை நம் மாணவனுக்கும் அப்படியே பொருந்துகிறது. அதே வரிசையில் நானும் சொல்கிறேன்.

தெரிந்துசெயல்வகை

வெளிநாட்டில் பொறியியல் படிக்க மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, பட்டப்படிப்பு முழுவதையும் அங்கேயே படிப்பது. இரண்டாவது, பாதி இங்கே, பாதி அங்கே என்று படித்து வெளிநாட்டுப் பட்டம் பெறுவது. மூன்றாவது, பட்டம் உள்நாட்டிலேயே பெற்று, இடையில் ஒரு பருவம் மட்டும் மாணவர் பரிமாற்றத்தில் போய்வருவது.

முதல் வழி ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்களுக்கும் ஓரளவு எட்டியது. 1980-இல் பிரிட்டன் வெளிநாட்டு மாணவர்களிடம் முழுக் கட்டணம் வாங்கத் தொடங்கியபோது நிலைமை மாறியது. 1981-இல் நம் அரசு பிரிட்டிஷ் பொருள்களைக் கடைசியாகவே வாங்குவது என்ற கொள்கையை அறிவித்ததற்கு அந்தக் கட்டண உயர்வும் ஒரு காரணம். அதன் பின்னரே இரண்டாவது வழி இங்கே பெருகியது. மூன்றாவது வழியைப் பற்றி நம் சமூகத்தில் பேச்சே குறைவு. நான் அதை வலியுறுத்துவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, பட்டத்தின் மதிப்பு. 1967-ஆம் ஆண்டின் பொறியியலாளர் பதிவுச் சட்டப்படி, நம் நாட்டில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிவு செய்யப் பொறியியலாளர் வாரியம் ஏற்கும் பட்டம் வேண்டும். வெளிநாட்டுப் பட்டங்களைப் பொறுத்தவரை 1989-இல் ஆறு நாடுகளின் அமைப்புகள் தொடங்கிய வாஷிங்டன் உடன்படிக்கை பெரிதும் உதவுகிறது. மலேசியா 2009-இலும் இந்தியா 2014-இலும் அதில் முழு உறுப்பினராயின. ஆனால் ஒரு நாடு உறுப்பினர் என்பதால் அந்நாட்டுக் கல்லூரிகள் எல்லாவற்றின் பட்டமும் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் கல்லூரியின் அந்தக் குறிப்பிட்ட படிப்பு, நம் பிள்ளை படிக்கும் காலத்தில், முறையான அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். ஜெர்மனி தொழில்நுட்பத்தில் தலைசிறந்த நாடு. ஆனாலும் அது இந்த உடன்படிக்கையில் உறுப்பினர் அல்ல. அங்கே முழுப் பட்டம் படிக்க விரும்புவோர் நம் வாரியத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது. பரிமாற்றத்தில் போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. அவர் பெறுவது உள்நாட்டுப் பட்டம். அதன் அங்கீகாரம் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது, கட்டணம். இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால், மாணவர் தம் சொந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டினால் போதும். அங்கே கல்விக் கட்டணம் இல்லை. ஒப்பந்தம் இல்லாமல் வருகை மாணவராகப் போனால் அங்குள்ள வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைக் கட்ட வேண்டி வரும். விண்ணப்பத் தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே அனைத்துலக மாணவர் பிரிவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இது கட்டண விலக்கு உள்ள பரிமாற்றமா?’ என்பதே.

வலியறிதல்

வலிமை என்பது இங்கே மதிப்பெண்ணும் பணமும். முதல் ஆண்டுக் கணிதத்திலும் இயற்பியலிலும் தடுமாறிக்கொண்டிருக்கும் மாணவர் வெளிநாட்டைப் பற்றி எண்ணுவதற்கு முன் அந்த அடித்தளத்தைச் சரிசெய்ய வேண்டும். பரிமாற்றத்துக்குப் பல்கலைக்கழகங்கள் சராசரி மதிப்பெண் பார்த்துத்தான் ஆளெடுக்கும். விண்ணப்பிக்கும் நேரத்தில் கையில் இருக்கும் மதிப்பெண் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று பருவங்களின் மதிப்பெண்ணாகவே இருக்கும். ‘கடைசி ஆண்டில் பிடித்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சு இங்கே உதவாது.

பணத்துக்கு வருவோம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். நாணய மாற்று விகிதம் அந்த விரலையே சுருக்கிவிடும் என்பதை 1997-இல் கண்டோம். அந்த ஆண்டின் நடுப்பகுதி வரை ஓர் அமெரிக்க டாலர் ஏறத்தாழ இரண்டரை வெள்ளி. 1998 ஜனவரியில் அது ஒரு கட்டத்தில் 4 வெள்ளி 80 காசைத் தாண்டியது. 10,000 டாலர் கட்டணத்துக்கு 25,000 வெள்ளி எடுத்துவைத்த தகப்பனார், சில மாதங்களில் 48,000 வெள்ளி தேட வேண்டியதாயிற்று. படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பிய பிள்ளைகள் உண்டு. 1998 செப்டம்பரில் 3 வெள்ளி 80 காசு என்று விகிதம் நிலைநிறுத்தப்பட்டது. 2005-இல் அந்தக் கட்டு தளர்த்தப்பட்டது. 2024 பிப்ரவரியில் மீண்டும் டாலர் 4 வெள்ளி 80 காசை நெருங்கியது. நான்கு ஆண்டுகள் வெளிநாட்டில் படிப்பவர் இந்த அலையை நான்கு ஆண்டுகள் தாங்க வேண்டும். ஒரு பருவம் போகிறவர் ஐந்தாறு மாதங்கள் தாங்கினால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்கும்போது வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் வந்த விதிப்படி அது மாதத்துக்கு 992 யூரோ. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. ஒரு யூரோ 5 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 30,000 வெள்ளி. இந்தத் தொகை கட்டணம் அல்ல. முடக்கப்பட்ட கணக்கில் போட்டு மாதாமாதம் மாணவரே எடுத்துச் செலவழிப்பது. போதுமான உதவித்தொகைக் கடிதம் கையில் இருந்தால் அதையே சான்றாகக் காட்டலாம். ஆகவே உதவித்தொகை கிடைப்பதும் கிடைக்காததும்தான் இங்கே வேறுபாடு.

உதவித்தொகைக்கு வழிகள் உள்ளன. ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் 1987-இல் தொடங்கியது. 2015 முதல் நம்மைப் போன்ற நாடுகளின் மாணவர்களும் அதில் ஒரு பருவம் போய்வர வழி பிறந்தது. மாதத் தொகையும் பயணத் தொகையும் தருகிறார்கள். ஆனால் நம் பல்கலைக்கழகமும் அங்குள்ள பல்கலைக்கழகமும் அதற்கென ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். தென்கிழக்காசியாவில் 2010-இல் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகள் மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. பின்னர் வேறு நாடுகளும் சேர்ந்தன. பொறியியலும் அதன் துறைகளில் ஒன்று. பக்கத்து நாடுதானே என்று இளக்காரமாக எண்ண வேண்டாம். செலவு குறைவு, தூரம் குறைவு, கற்பது குறைவல்ல.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளைகளின் உயர்கல்விக்காகப் பணம் எடுக்க விதி இடம் தருகிறது. விதி இடம் தருகிறது என்பதாலேயே எடுத்துவிட வேண்டியதில்லை. ஒரு பருவப் பயணத்துக்காக உங்கள் முதுமையின் சோற்றில் கைவைக்க வேண்டாம். வீட்டை அடமானம் வைக்கவும் வேண்டாம். உதவித்தொகை கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் அடுத்த பருவம் மீண்டும் விண்ணப்பிக்கட்டும். தேசிய உயர்கல்விக் கடன் வாங்கியிருப்பவர்கள், வெளியே இருக்கும் மாதங்களில் அந்தக் கடன் தொடருமா என்பதை முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காலமறிதல்

மற்றத் துறை மாணவரைவிடப் பொறியியல் மாணவருக்குக் காலம் இறுக்கமானது. பொறியியல் பாடங்கள் சங்கிலி போன்றவை. கணிதம் முடித்தால்தான் சைகைப் பகுப்பாய்வு. அது முடித்தால்தான் கட்டுப்பாட்டுப் பொறியியல். இந்தப் பாடங்களில் பல ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்தப்படும். ஒரு கண்ணி விடுபட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் மிக நன்றாகப் படிப்பவர். வெளியே போய் ஐந்து பாடங்கள் முடித்து நல்ல மதிப்பெண்ணோடு வந்தார். போகும் முன் விரிவுரையாளர் ஒருவர் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று வாய்மொழியாகச் சொன்னதை நம்பிப் போனவர் அவர். திரும்பி வந்தபோது அந்த விரிவுரையாளர் மாற்றலாகிப் போயிருந்தார். ஐந்தில் இரண்டு பாடங்களே ஏற்கப்பட்டன. நண்பர்கள் பட்டமளிப்பு விழாவில் நின்றபோது அவர் இன்னும் வகுப்பில் இருந்தார். ஓராண்டுச் சம்பளம் போயிற்று. வீட்டில் அவர் சம்பளத்தை எதிர்பார்த்திருந்த தம்பி, தங்கையின் படிப்பும் தள்ளிப்போயிற்று.

ஆகவே கடைசியிலிருந்து முன்னோக்கித் திட்டமிடுங்கள். நான்காம் ஆண்டில் இறுதி ஆய்வுத் திட்டமும் வடிவமைப்புத் திட்டமும் இருக்கும். அந்த ஆண்டைத் தொடாதீர்கள். அங்கீகார விதிப்படி குறைந்தது 8 வாரத் தொழிற்பயிற்சி உண்டு. அது எந்த விடுமுறையில் வருகிறது என்று பாருங்கள். முதல் ஆண்டு அடித்தளம், அதையும் தொடாதீர்கள். மீதி இருப்பது இரண்டாம் ஆண்டின் பிற்பகுதியும் மூன்றாம் ஆண்டும். அதில் விருப்பப் பாடங்கள் அதிகம் உள்ள பருவத்தைத் தேர்ந்தெடுங்கள். தேவையானால் பொதுப் பாடங்கள் இரண்டை அந்தப் பருவத்துக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்காட்டியும் முக்கியம். நம் அரசுப் பல்கலைக்கழகங்களின் கல்வியாண்டு பொதுவாக அக்டோபர் வாக்கில் தொடங்குகிறது. இரண்டாம் பருவம் மார்ச்சில் தொடங்குகிறது. கொரியாவின் வசந்தப் பருவம் மார்ச் முதல் ஜூன் வரை. நம் இரண்டாம் பருவத்தோடு நன்கு பொருந்தும். ஜப்பானில் ஏப்ரலில் தொடங்குகிறது. ஜெர்மனியின் கோடைப் பருவ வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கினாலும் தேர்வுகள் செப்டம்பர் வரை நீளலாம். திரும்பும் தேதிக்கும் நம் அடுத்த பருவம் தொடங்கும் தேதிக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

முதல் ஆண்டு முதல் பருவத்திலேயே நான்காண்டுப் பாடத்திட்டத்தை வாங்கி, ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் வரும் பாடங்களைச் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். போக வேண்டிய பருவத்துக்கு ஓராண்டு முன்பே ஒப்பந்தப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு முன் பாட ஒப்பீட்டை முடித்துக் கையெழுத்து வாங்குங்கள். கடப்பிதழ் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

இடனறிதல்

பெயர் பெற்ற நகரத்தைத் தேடாமல், நம் பாடத்துக்குப் பொருந்தும் துறையைத் தேட வேண்டும். நம் நாட்டுக் கணக்கில் ஒரு கிரெடிட் அலகு என்பது 40 மணி நேரக் கற்றல். ஐரோப்பிய அலகு 25 முதல் 30 மணி நேரம். ஓர் ஆண்டுக்கு 60 அலகு. அங்குள்ள 5 அலகுப் பாடம் 125 முதல் 150 மணி நேரம். நம் 3 அலகுப் பாடத்துக்கு ஈடாகிறது. இங்கே நான்காண்டுப் பொறியியல் பட்டத்துக்குக் குறைந்தது 135 அலகு தேவை. அதாவது பருவத்துக்குச் சராசரி 17. வெளியே போகிறவர் அந்த அளவுக்கு ஈடான பாடங்களோடு திரும்ப வேண்டும். மணிக்கணக்கு மட்டுமல்ல, பாடப் பொருளும் ஒத்துப்போக வேண்டும். அதற்கு அங்குள்ள பாடச் சுருக்கத்தையும் இங்குள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, பொறுப்பாளரின் கையெழுத்தை வாங்க வேண்டும். அந்த ஒரு தாள்தான் உண்மையான கடப்பிதழ். முத்திரை குத்திய கடப்பிதழ் விமானத்தில் ஏற்றும். இந்தத் தாள்தான் பட்டமளிப்பு மேடையில் ஏற்றும்.

பெற்றோர்களின் கவலையும் எனக்குத் தெரியும். ‘பெண் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது? சாப்பாட்டுக்கு என்ன செய்யும்?’ என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பல்கலைக்கழக விடுதியில் இடம் உறுதியான பிறகே பயணச் சீட்டு வாங்குங்கள். முன்பு அங்கே போய்வந்த மாணவியின் தொடர்பைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள். சமையல் நான்கு வகை கற்றுக்கொடுங்கள். ஆண் பிள்ளைக்கும் கற்றுக்கொடுங்கள். நம்மவர்கள் இன்று பல நாடுகளிலும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹாம் நகரில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் 2002-இல் குடமுழுக்குக் கண்டது. அம்பாள் அங்கும் இருக்கிறாள்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001 முதல் நிபோங் திபாலில் இயங்குகிறது. ஜார்ஜ்டவுனிலிருந்து பாலத்தைத் தாண்டி அங்கே அனுப்பவே கண்கலங்கிய தாய்மார்களை அறிவேன். அந்தப் பாலத்தைத் தாண்டிய பிள்ளை கடலையும் தாண்டும்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இப்போது நான் சொல்ல வந்ததின் மையத்துக்கு வருகிறேன். லாரி ஓட்டுநர் ஒருவரின் மகள். மூன்றாம் ஆண்டு மாணவி. ஐரோப்பிய உதவித்தொகையும் கிடைத்தது. பாட ஒப்பீட்டுத் தாளும் கையெழுத்தாகி வந்தது. எல்லாம் முறைப்படி செய்தவள். ஆனால் இத்தகைய உதவித்தொகையின் முதல் தவணை, பல இடங்களில், மாணவர் அங்கே போய்ச் சேர்ந்து வங்கிக் கணக்குத் திறந்த பிறகே வரும். விமானச் சீட்டு, விசாக் கட்டணம், காப்புறுதி, விடுதி முன்பணம், முதல் மாதச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 6,000 வெள்ளி முன்னதாகத் தேவைப்பட்டது. இரண்டு வாரத்தில் அந்தக் குடும்பத்தால் திரட்ட முடியவில்லை. அவள் தன் இடத்தை விட்டுக்கொடுத்தாள். பல மடங்கு உதவித்தொகை காத்திருந்தது. அதை எட்டிப் பிடிக்க 6,000 வெள்ளி இல்லை.

அவளுக்குத் தேவைப்பட்டது தானம்கூட அல்ல. இரண்டு மாதக் கைம்மாற்று. அவளைப் போல் இன்னொருத்தி நிற்கக் கூடாது என்பதற்காகவே இந்த மேடையில் நான் நிற்கிறேன்.

அறக்கட்டளையின் இலக்கணமே மூலதனம் கரையாமல் பலன் தருவது. நிலத்தை எழுதிவைத்த நம் முன்னோர் அதன் வருமானத்தில் விளக்கெரியச் செய்தார்கள். நிலம் அப்படியே இருந்தது. அதே முறையில் ஒரு சுழல் நிதியை நாம் ஏற்படுத்தலாம். 30,000 வெள்ளி இருந்தால் ஐந்து மாணவர்களுக்கு 6,000 வெள்ளி வீதம் வட்டியில்லாமல் கொடுக்கலாம். உதவித்தொகை வந்ததும் ஒரு பகுதி, வேலைக்குப் போனதும் மீதி என்று அவர்கள் திருப்பிச் செலுத்தட்டும். முழுதும் திரும்பி வந்தால் அதே பணம் அடுத்தடுத்த பிள்ளைகளையும் கடல் கடத்தும். சிலர் திருப்பித் தர முடியாமல் போகலாம். அந்தக் குறையை நிரப்ப ஆண்டுதோறும் சிறு நன்கொடை போதும். உதவித்தொகைக் கடிதமும் கையெழுத்திட்ட பாட ஒப்பீட்டுத் தாளும் கொண்டுவருபவருக்கு மட்டுமே பணம் என்று விதி வைத்தால், திட்டமிட்டுப் படிப்பவருக்கே அது போய்ச் சேரும். விண்ணப்பம் வந்த பத்து நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்த உதவியில் தொகையைவிட வேகமே பெரிது.

விமானச் சீட்டு வாங்கிக் கொடுத்தவர் பெயரை யாரும் கல்லில் பொறிப்பதில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை விமானப் படியில் கால் வைக்கும்போது அவரை நினைக்கும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குக் கடைசியாக ஒரு சொல். இன்று வீட்டுக்குப் போனதும் பாடத்திட்டத்தை எடுத்துச் சிவப்பு மையால் குறிக்கத் தொடங்குங்கள். பணத்தின் கதவு திறக்கும்போது உங்கள் தாள்கள் தயாராக இருக்கட்டும். உங்கள் தாள்கள் தயாராக இருக்கும்போது பணத்தின் கதவைத் திறந்து வைப்பது எங்கள் பொறுப்பு.